பழைய மடிக்கணினிக்குப் புதிய செயலி தேவையா: பினாங்கு நாட்குறிப்பு

24 அக்டோபர் 2025, வெள்ளி

என் திங்க்பேட் டி430 மடிக்கணினியின் செயலியை (பிராசஸர் எனும் கணிப்புச் சில்லை) மட்டும் மாற்றுவதா, அல்லது கணினியையே மாற்றிவிடுவதா என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் இம்மாதம் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகிறது. என்னுடையதோ 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை. இந்தச் சாக்கெட்டில், அதாவது பலகையில் செயலி அமரும் இடத்தில், எந்தச் செயலியைப் பொருத்தினாலும் அந்தக் கதவு திறக்காது. ஆகவே இயங்குதளக் கேள்வியைத் தனியே பிரித்து, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி முடித்துவிட்டேன்.

எஞ்சியிருப்பது வேகம். எஸ்.பி.எம். (மலேசிய ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்காக நான் தயாரிக்கும் இலக்கியப் பாடக் காணொளிகளைத் தொகுப்பதில் தடை ஏதும் இல்லை. தொகுத்ததை ஒரே காணொளிக் கோப்பாக்கும்போதுதான், அதாவது ரெண்டர் செய்யும்போதுதான், மணிக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. இன்று ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கையில் கணினியின் நிலையைக் கவனித்தேன். 16 ஜிபி நினைவகத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது, எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஏறக்குறைய சும்மா இருந்தது, செயலி ஒரே நேரத்தில் ஓட்டும் நான்கு வேலைத்தொடர்களும் (இழைகளும்) நூறு விழுக்காட்டிலேயே நின்றன. இந்த ஒரு வேலைக்கு மட்டும் செயலிதான் தடை என்பது தெளிவு.

26 அக்டோபர், ஞாயிறு

செயலியை மாற்ற முடிவது இந்தத் தலைமுறைக் கணினிகளுக்கு வாய்த்த பேறு. இன்டெலின் மடிக்கணினிச் செயலிகள் நான்காம் தலைமுறை வரையில்தான் சாக்கெட்டில் பொருத்தும் வடிவில் வந்தன. ஐந்தாம் தலைமுறையிலிருந்து அனைத்தும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. என் கணினியில் இருப்பது ஐ5-3320எம்: இரண்டு கோர் (கணிப்பு மையம்), நான்கு இழை, 2.6 கிகாஹெர்ட்ஸ் வேகம், 35 வாட். வாட் என்பது செயலி வெளியிடும் வெப்பத்தின் அளவு. அதன் இடத்தில் வைக்கக்கூடியவை என்று இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஐ7-3740கியூஎம், நான்கு கோர்களோடு 2.7 கிகாஹெர்ட்ஸில் ஓடும், ஆனால் 45 வாட். ஐ7-3632கியூஎம், அதே நான்கு கோர்களோடு 2.2 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் 35 வாட்.

வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் முதலாவதையே எடுப்பார்கள். எனக்கு அந்தப் பத்து வாட் பெரிதாகத் தெரிகிறது. டி430இன் விசிறியும் வெப்பக் குழாயும் 35 வாட் செயலிகளை மனத்தில் வைத்து அமைந்தவை. என் வீட்டுக் கூடத்தில் குளிர்சாதனமும் இல்லை. ரெண்டர் என்பது ஐந்து நிமிட வேலையன்று, இரவு முழுவதும் ஓடும் வேலை. வெப்பம் எல்லையைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், 45 வாட் செயலிக்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி விசிறிச் சத்தமாகவே கரைந்துபோகும்.

1 நவம்பர், சனி

ஜார்ஜ் டவுனிலுள்ள கொம்தார் கோபுரத்தின் அருகே பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். “45 வாட் போட்டாலும் ஓடும் டீச்சர், ஆனா நம்ம ஊரு சூட்டுக்கு 35தான் தாங்கும்,” என்று கடைக்காரத் தம்பியும் அதையே சொன்னார். 3632கியூஎம்மை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மடிக்கணினிச் செயலிகளுக்கு மேல் உலோக மூடி கிடையாது. நடுவில் கண்ணாடிபோல் மின்னும் சிலிக்கான் சில்லு வெறுமையாகவே இருக்கும், அதன் மூலை பெயர்ந்திருந்தால் வாங்கவே கூடாது. இதன் மூலைகள் நான்கும் கூர்மையாக இருந்தன. அடியிலுள்ள ஊசிகளைச் சாய்த்துப் பார்த்தபோது வரிசை எங்கும் கோணவில்லை. இந்தக் குடும்பத்துச் செயலிகள் சில, அதே பெயரில் பற்றவைக்கும் வடிவிலும் விற்கப்பட்டவை என்பதால், இணையத்தில் பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் ஊசிகளின் படத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. விலை 110 ரிங்கிட். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிடுகையில் இது பொருட்டே அல்ல.

மாலையில் பெரியம்மாவிடம் சொன்னேன். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் தொடங்கியது நம் பினாங்கில்தான். பெரியம்மாவும் பாயான் லெப்பாஸ் ஆலையொன்றில் பல ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்தவர். “ஓரத்தைப் புடிச்சித் தூக்கும்மா, ஊசியில கை படக் கூடாது,” என்றார். அவர் தலைமுறைப் பெண்களின் கை பட்டு வளர்ந்த தொழில் இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

8 நவம்பர், சனி

இன்று மாற்றினேன். மின்கலம், விசைப்பலகை, கைதாங்கு மேல்பகுதி, விசிறி என்ற வரிசையில் கழற்றினால் செயலி கண்ணில் படும். சாக்கெட்டின் திருகைத் தட்டைத் திருப்புளியால் அரைச்சுற்றுத் திருப்பியதும் பழையது விடுபட்டது. மூலை முக்கோணக் குறிகளை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தபோது புதியது அழுத்தமே இல்லாமல் இறங்கியது. காய்ந்து போயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதியதைத் தடவினேன்; செயலியை மாற்றாதவர்கள்கூட இதை மட்டுமாவது செய்யலாம்.

நாற்பது நிமிடப் பாடம் முன்பு எடுத்த நேரத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டில் ரெண்டர் ஆனது. கோர்கள் இரட்டித்தும் நேரம் பாதியாகக் குறையாததற்கு, ஒவ்வொரு கோரின் அடிப்படை வேகமும் குறைவு என்பது ஒரு காரணம். கோப்புகளைத் திறப்பதிலோ உலாவியிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. காணொளி செய்யாதவர்களுக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பம் 86 பாகையைத் தாண்டவில்லை. நாளை இரவு மூன்று பாடங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு, அந்த அளவு நிலைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.