உறையில் எழுதியிருந்த 48

அப்பச்சி (என் தந்தை) 1990 வாக்கில் உட்கார்ந்து தட்டச்சு செய்த கோவில் புள்ளிக் கணக்கு (நகரத்தார் கோவில் வழக்கில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி), கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் பத்து ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளாகக் கிடந்தது. அவற்றில் ஒன்பதை முழுதாக மீட்டுவிட்டேன்; ஒன்றை என் கையாலேயே கெடுத்தேன். அந்த ஒன்று இன்னும் மனத்தை அறுப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கணினி அவருடையதே: எஸ்சிஓ ஜெனிக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஏற்றிய 386. அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் பேட்டரி செத்துவிட்டதால், ஒவ்வொரு முறையும் ஹார்டு டிஸ்க்கின் வகை எண்ணைக் கையால் கொடுத்தால்தான் எழும். எழுந்தபின் ஒரு குறையும் இல்லை. ஃபிளாப்பி டிரைவ்தான் சுழலவே இல்லை. பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து, 1.2 மெகாபைட் டிரைவ் ஒன்றை வாங்கினேன். கேபிள் பொருந்துமா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "ஃபிளாப்பி கேபிள் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றல்ல. அவர் கொடுத்தது மூன்றரை அங்குல டிரைவின் ஊசிகளில் செருகும் கேபிள். ஐந்தேகால் அங்குல டிரைவுக்கோ, சர்க்யூட் போர்டின் விளிம்பையே கவ்விக்கொள்ளும் கனெக்டர் வேண்டும். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் இது தெரிந்தது. கடைசியில் காரைக்குடியில் ஒரு பழுதுபார்க்கும் கடையின் கழிவுப் பெட்டியிலிருந்து சரியான கேபிள் ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அதையும் முதலில் தலைகீழாகச் செருகினேன். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் திரும்பியிருக்கிறது என்று பொருள். வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம்.

அதன் பிறகு வீணான இரண்டு நாட்களுக்கு நானே பொறுப்பு. வாங்கியது 1.2 மெகாபைட் டிரைவ் என்பதால், ஜெனிக்ஸில் டிரைவைக் குறிக்கும் சாதனப் பெயராக எஃப்டி096டிஎஸ்15 என்பதைக் கொடுத்தேன். டிரைவின் படிக்கும் தலை கடகடவென்று தட்டின் முதல் டிராக்குக்கு (வட்டப் பாதைக்கு) ஓடும், திரும்ப வரும், மறுபடி ஓடும். திரையில் பிழைச் செய்திகள் வரிசையாக விழும். தட்டில் பூஞ்சை என்று எண்ணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தலையை மூன்று முறை துடைத்தேன். பூஞ்சை இருந்தது உண்மைதான், ஆனால் குற்றம் அதனுடையதல்ல. ஒவ்வொரு உறையின் மூலையிலும் அப்பச்சி பென்சிலால் 48 என்று எழுதியிருந்தார். அதை ஏதோ கட்டு எண் என்று நினைத்திருந்தேன். பத்து உறையிலும் ஒரே கட்டு எண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அப்பச்சி எதையும் சும்மா எழுத மாட்டாகளேப்பா" என்று ஆத்தா (என் தாய்) சொன்ன பிறகுதான், டெவ் அடைவில் (டைரக்டரியில்) உள்ள சாதனப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எஃப்டி048டிஎஸ்9 என்ற பெயரில் 0 டிரைவின் எண். 48 என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை டிராக் என்பது. டிஎஸ் என்றால் இரு பக்கமும். 9 என்பது ஒரு டிராக்கில் எத்தனை செக்டர் (துண்டு) என்பது. பெட்டியில் இருந்தவை அனைத்தும் 360 கிலோபைட் தட்டுகள். ஜெனிக்ஸில் டிரைவை இயக்கும் டிரைவர் நிரல் தட்டைப் பார்த்து வகையை ஊகிப்பதில்லை. நாம் கொடுக்கும் பெயருக்குரிய, தட்டின் வகையைச் சொல்லும் மைனர் எண்தான் அதற்கு வேதவாக்கு. பெயரை மாற்றியதும் முதல் தட்டு ஒரு முனகலும் இல்லாமல் திறந்தது.

இனி கெடுத்த கதை. முதல் தட்டை மவுண்ட் செய்து (கணினியின் அடைவுகளோடு இணைத்து), கோப்புகளின் பெயர்களைப் பார்த்தேன்: ஊருக்கு ஒரு கோப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். மகிழ்ச்சியில் அதை வெளியே எடுத்து, அடுத்த தட்டைச் செருகி மறுபடி பட்டியல் கேட்டேன். அதே பெயர்களே வந்தன. அப்பச்சி எச்சரிக்கையாக ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறார் என்று வியந்துகொண்டிருந்தேன். நான் அன்மவுண்ட் செய்யவில்லை என்பதும், பட்டியல் நினைவகத்தில் தற்காலிக நகல் வைக்கும் பஃபர்களிலிருந்து வந்தது என்பதும் உறைக்கவில்லை. அந்த வியப்பின் நடுவே டிரைவின் விளக்கு தானாக எரிந்து அணைந்தது. பின்னணியில் ஓடும் அப்டேட் என்ற நிரல், முப்பது விநாடிக்கு ஒருமுறை பஃபரில் நிலுவையில் உள்ளவற்றைத் தட்டில் எழுதச் சொல்லும். நான் எதையும் எழுதவில்லையே என்று கேட்கலாம். ஓர் அடைவைப் படித்தாலே, கடைசியாகப் படித்த நேரம், அதன் விவரங்களைத் தாங்கும் ஐனோடில் மாறிவிடும். மாறிய ஐனோடு தட்டுக்குப் போயாக வேண்டும். முதல் தட்டின் ஐனோடு பிளாக், இரண்டாம் தட்டின் மேல் போய் உட்கார்ந்தது. மூல அடைவின் ஐனோடும் அந்த பிளாக்கில்தான் இருக்கிறது என்பதால், எந்தக் கோப்பு எந்த ஊருடையது என்று சொல்லும் பெயர்ப் பட்டியலுக்கே வழி அறுந்துபோனது.

இதைத் தடுக்க ஒரு துண்டு ஒட்டுத்தாள் போதுமாயிருந்தது. மூன்றரை அங்குலத் தட்டில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத்தில் ஓரத்து வெட்டு திறந்திருந்தால் எழுத முடியும், மூடினால்தான் காவல். பழைய பழக்கத்தில், வெட்டு திறந்திருப்பதைப் பார்த்துப் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

எஞ்சிய எட்டுக்கும் வெட்டை மூடினேன். எதையும் மவுண்ட் செய்யவே இல்லை. முன்னால் ஆர் சேர்ந்த ஆர்எஃப்டி048டிஎஸ்9 என்ற பெயர், பஃபர்களைத் தொடாமல் நேரே தட்டைப் படிக்கும். தட்டை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் பிளாக் அளவை 9 கிலோபைட் என்று வைத்தால் ஒரு சிலிண்டர் (இரு பக்கத்து டிராக்கும் சேர்ந்தது) ஒரே மூச்சில் வரும். முடிவில் 40 பதிவுகள் என்று காட்டினால் 3,68,640 பைட்டும் வந்துவிட்டது. 38 அல்லது 39 என்று நின்றால் தலையைத் துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள். பூஞ்சை பிடித்த ஒரு தட்டு, அடுத்து வரும் நல்ல தட்டையும் படிக்கவிடாது. பிறகு சீரியல் கேபிள் வழியே நொடிக்கு 9600 பிட் வேகத்தில் மடிக்கணினிக்கு, தட்டுக்கு ஆறரை நிமிடம். அதில் இருந்த பழைய லினக்ஸின் சிஸ்வி என்ற மாட்யூல் ஜெனிக்ஸ் ஃபைல்சிஸ்டத்தை அப்படியே திறந்தது. ஒன்பது தட்டுகளின் வேலையும் ஒரே மாலையில் முடிந்தது.

கெட்ட தட்டில் தரவு பிளாக்குகளுக்குச் சேதமில்லை. தட்டின் முழு நகலான பிம்பத்திலிருந்து எழுத்து வரிகளை மட்டும் உருவி எடுத்து அச்சிட்டேன். புள்ளிகள் இருக்கின்றன, எந்த ஊர் என்பதுதான் இல்லை. முகப்பில் உட்கார்ந்து ஆத்தா ஒவ்வொரு வரியின் விலாச எழுத்துகளையும் (பெயருக்கு முன்வரும் முன்னோர் தலைப்பெழுத்துகளையும்) படிக்கச் சொல்லிக் கேட்டு, இது பள்ளத்தூர், இது கோனாபட்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறார். நேற்று வரை நான்கு பக்கம் முடிந்திருக்கிறது.