மார்செய் – கப்பல் கொண்டு வந்து சேர்த்த ஊரு

மார்செய் பிரான்ஸோட தெற்குக் கடற்கரையில இருக்குற துறைமுக ஊரு. பாரிஸ்ல இருந்து டிஜிவிங்கற அதிவேக ரயில்ல மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, சாங் ஷார்ல் ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்தா நேரா ஒரு பெரிய படிக்கட்டு, மொத்தம் 104 படி. கீழ இறங்குறப்போ ரெண்டு பக்கமும் படுத்திருக்குற மாதிரி பெண் சிலைங்க, ஒண்ணு ஆப்பிரிக்கக் காலனிகளாம், இன்னொண்ணு ஆசியக் காலனிகளாம். 1920கள்ல கட்டுனது. அப்போ நம்ம பாண்டிச்சேரியும் அந்தக் கணக்குல தானே இருந்துச்சுன்னு தோணினதும் அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

அங்க இருந்து நடந்தே பழைய துறைமுகம் போயிடலாம். காலையில போங்க, மீன் வாங்குற நேரத்துக்கு. படகை ஒட்டியே நீல நிறத் தொட்டிங்கள்ல மீன் இன்னும் துடிச்சிட்டு இருக்கும், ஒரு அம்மா கையுறை கூட இல்லாம முள்ளு முள்ளா இருந்த ஒரு சிவப்பு மீனை வால் பக்கம் பிடிச்சுத் தூக்கிக் காட்டுனாங்க. ராஸ்காஸ்னு பேரு. விக்காம மிஞ்சுன இந்த மாதிரி முள்ளு மீனைப் போட்டு மீனவங்க வீட்டுல காய்ச்சுன குழம்பு தான் பூயாபெஸ், இன்னைக்கு அதையே ஹோட்டல்ல சாப்பிட்டா பர்ஸ் காலியாகிடும்.

அதே கரையில தரையில ஒரு வெண்கலப் பட்டயம் பதிச்சிருக்காங்க. கி.மு. 600 வாக்குல ஃபோக்கையாங்கற ஊர்ல இருந்து (இன்னைக்குத் துருக்கியில இருக்கு) கிரேக்க மாலுமிங்க வந்து இங்க இறங்குனாங்கன்னு எழுதியிருக்கு. ஊர்க் கதை என்னன்னா, அன்னைக்குத் தான் அந்தப் பகுதி ராஜா தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடி விருந்து வெச்சிருந்தாராம், அந்தப் பொண்ணு ஜிப்டிஸ் உள்ளூர் ஆளுங்க அத்தனை பேரையும் விட்டுட்டு இப்போ தான் கப்பல்ல வந்து இறங்குன வேத்து ஊர்க்காரன் கையில கிண்ணத்தைக் கொடுத்துச்சாம். நடந்துச்சோ இல்லையோ, தன்னைப் பத்திச் சொல்லிக்க இந்த ஊரு வெச்சிருக்குற முதல் கதையே இது தான், எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

துறைமுக வாயில்ல ரெண்டு கோட்டை. அதுல சாங் நிக்கோலா 14ஆம் லூயி 1660ல கட்ட ஆரம்பிச்சது. பீரங்கி கடலைப் பார்த்து மட்டும் இல்ல, ஊரையும் பார்த்து வெச்சாங்க. அடங்காத ஊருன்னு ராஜாவுக்கே பயம்.

ஆனா கடல் வழியா வந்தது எல்லாமே கல்யாணக் கதையா முடியல. 1720 மே 25ஆம் தேதி கிராங் சாங் அந்த்வான்னு ஒரு கப்பல் லெவாண்ட் (மத்தியதரைக் கடலோட கிழக்குக் கரை) பக்கத்துல இருந்து துணியும் பஞ்சும் ஏத்திட்டு வந்துச்சு. வழியிலேயே மாலுமிங்க, கப்பல் டாக்டர்னு பல பேர் செத்திருக்காங்க, இத்தாலியில லிவோர்னோ துறைமுகத்துல உள்ள விடவே இல்ல. மார்செய்ல தனிமைப்படுத்துறதுக்கு அந்தக் காலத்துலயே தெளிவான விதி இருந்துச்சு, இந்த மாதிரிக் கப்பலோட சரக்கைத் தூரத்துல இருக்குற ஜார் தீவுக்குத் தான் அனுப்பணும். ஆனா ஜூலையில போக்கேர்ங்கற ஊர்ல பெரிய சந்தை வருது, துணி அதுக்குள்ள விக்கணும், நகர நிர்வாகத்துல முதல் ஆளா இருந்தவருக்கே சரக்குல பங்கு. சரக்கு ஊரை ஒட்டி இருந்த கிடங்குல இறங்கிடுச்சு. சுமார் 90,000 பேர் இருந்த ஊர்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் பிளேக்ல போயிட்டாங்க.

அந்த ரெண்டுல இன்னொரு கோட்டைப் பக்கத்துல தூரெத்னு ஒரு திறந்த வெளி இருக்கு, இப்போ பசங்க அங்க பந்து விளையாடுறாங்க, சூரியன் மறையுறதைப் பார்க்கக் கூட்டம் வரும். அந்த செப்டம்பர்ல ஆயிரத்துக்கும் மேல பொணங்க அங்க வாரக் கணக்குல வெயில்ல கிடந்துச்சு. ரோஸ்னு ஒருத்தர் சிப்பாய்களையும் கைதிகளையும் கூட்டிட்டுப் போய் பழைய கொத்தளத்தை உடைச்சுத் திறந்து எல்லாத்தையும் உள்ள தள்ளி மூடுனாரு, கூடப் போன பெரும்பாலானவங்க திரும்பிப் பிழைக்கல. அது தெரிஞ்சப்புறம் என்னால அங்க உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட முடியல.

அங்க இருந்து கீழ இறங்குனா துறைமுகத்தோட வடக்குக் கரை, வரிசையா ஒரே மாதிரிக் கட்டடம். பழைய ஊருல இது மட்டும் ஏன் இவ்ளோ புதுசுன்னு நினைச்சேன். 1943 ஜனவரியில ஜெர்மன்காரங்களும் பிரெஞ்சு போலீஸும் சேர்ந்து வீடு வீடாப் புகுந்து சுமார் 20,000 பேரை வெளியேத்தி, நூத்துக்கணக்கான யூதர்களை முகாமுக்கு அனுப்பி, அப்புறம் சுமார் 1,500 கட்டடத்தை வெடி வெச்சுத் தகர்த்திருக்காங்க. வந்தேறிங்க குடியிருந்த சந்துங்கறதும் அந்த இடத்து மேல அவங்களுக்கு இருந்த கோபத்துக்கு ஒரு காரணம்.

இன்னைக்கும் வந்தவங்க ஊரு தான். நோவாய் மார்க்கெட்ல புதினாக் கட்டு, ஹரிஸ்ஸாங்கற மிளகாய் விழுது, கொமோரோ தீவுக்காரங்க, அல்ஜீரியாக்காரங்க, பேச்சு சத்தம். அதுக்குப் பக்கத்துலயே ஓபாஞ் தெருவுல 2018 நவம்பர் 5 அன்னைக்கு ரெண்டு பழைய வீடு இடிஞ்சு விழுந்து 8 பேர் செத்தாங்க. ஏழைங்க குடியிருக்குற வீட்டை யாரும் சரியாக் கவனிக்கலைங்கற ஆத்திரம் அந்தத் தெருவுல இன்னும் அடங்கல.

கடைசியா நோத்ர் தாம் த லா கார்த்ங்கற மாதா கோயிலுக்கு ஏறுனேன். ஊர்க்காரங்க அந்த மாதாவை "நல்ல அம்மா"ன்னு தான் சொல்றாங்க. உள்ள அண்ணாந்து பார்த்தா கூரையில இருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைங்க கயித்துல தொங்குது, புயல்ல பிழைச்சு வந்தவங்களோட நேர்த்திக்கடன். சுவர் முழுக்கப் பளிங்குக்கல், நிறைய கல்லுல "மெர்சி" (நன்றி) தான் பெருசா இருக்கு. வெளிய வந்து, ஜார் தீவு எந்தப் பக்கம்னு ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன், அந்த பிளேக் கப்பலைக் கடைசியில எரிச்சது அங்க தான். எதுக்குக் கேக்குறேன்னு அவருக்குப் புரிஞ்சிருச்சு போல, ஒண்ணும் பேசாம தெற்குப் பக்கம் கையைக் காட்டிட்டு அவரும் என்கூட அங்கயே பார்த்துட்டு நின்னாரு.