‘ஹிட்லர்யுங்கே குவெக்ஸ்’: தேர்வுக்கு இந்தப் படத்தை எப்படிப் படிப்பது?

நாஜிக் காலப் பிரச்சாரப் படம் ஒன்றின் கதைசொல்லல் முறையை ஆராயச் சொன்னால், எடுத்துக்கொள்ள ஏற்ற படம் இது. 1933-இல் ஜெர்மானியத் திரைப்பட நிறுவனமான ஊஃபாவுக்காக ஹான்ஸ் ஸ்டைன்ஹோஃப் இயக்கியது. ஓட்டம் சுமார் ஒன்றரை மணி நேரம்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் கதைச்சுருக்கத்தில்தான். அதை மூன்று வரிக்குள் முடித்துவிடுங்கள். பெர்லினில் வேலையில்லாத கம்யூனிஸ்ட் தொழிலாளியின் மகன் ஹைனி. நாஜிக் கட்சியின் ஹிட்லர் இளைஞர் அணியால் ஈர்க்கப்படுகிறான். துண்டறிக்கை கொடுக்கும் பணியில் கொல்லப்படுகிறான்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாவது தடவை நோட்டில் கோடிட்டு மூன்று நெடுக்குப் பத்தி போடுங்கள்: நேரம், கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது. மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டால் இந்தப் படம் பிடிபடாது, ஏனென்றால் கதையையே நகர்த்துவது பாட்டு.

ஒரு காட்சியைப் பாருங்கள். அணியின் பாட்டை ஹைனி அம்மாவிடம் பாடிக் காட்டுகிறான். அது காதில் விழுந்ததும் அப்பா உள்ளே வந்து, அறைந்து அறைந்தே கம்யூனிஸ்டுகளின் ‘இன்டர்நேஷனல்’ பாட்டைப் பாட வைக்கிறார். ஒரு பாட்டு ஆசையோடு வருகிறது, மற்றது அடியோடு வருகிறது. கொள்கையைப் பற்றி யாரும் வாதாடவே இல்லை, ஆனால் பார்ப்பவர் அதற்குள் பையன் பக்கம் சாய்ந்துவிடுகிறார். காட்டு முகாம் காட்சியும் இதே வழிதான். கம்யூனிஸ்ட் இளைஞர்களிடம் குடியும் கூத்தும். அதை விட்டு இருட்டில் விலகிப் போகும் ஹைனிக்கு மரங்களுக்கு அப்பால் ஹிட்லர் இளைஞர் அணியின் நெருப்பும் சேர்ந்து பாடும் குரல்களும். விடையின் மையம் இதுவாக இருக்கட்டும்: இந்தப் படத்தின் பிரச்சாரம் மேடைப் பேச்சில் இல்லை, குடும்பக் கதைக்குள் இருக்கிறது.

அடுத்த தவறு, கம்யூனிஸ்டுகள் எல்லோரும் வில்லன்கள் என்று எழுதுவது. அப்பாவாக நடித்தவர் ஹைன்ரிஷ் கியோர்கே. 1931-இல் ‘பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்’ படத்தின் நாயகன். அவர்மேல் படம் இரக்கம் காட்டுகிறது, கடைசியில் அவர் மனமும் இளகுகிறது. தொழிலாளிகளைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும் படம் அவர்களை அவமதிக்காது.

முடிவுக் காட்சிக்குக் கூடுதல் இடம் ஒதுக்குங்கள். மூலச் சம்பவம் நிஜம்: 1932 ஜனவரி 24 அன்று பெர்லினில் ஹெர்பர்ட் நோர்குஸ் என்ற 15 வயது ஹிட்லர் இளைஞர் அணிச் சிறுவன் குத்திக் கொல்லப்பட்டான். படத்தில் ஹைனி “எங்கள் கொடி” என்ற பாட்டை முனகியபடி சாகிறான்; அவன் மேல் கொடிகளும் அணிவகுப்பும் படர்கின்றன. அந்த வரிகளை ஹிட்லர் இளைஞர் அணியின் தலைவர் பால்டூர் ஃபான் ஷீராக் எழுதியது இந்தப் படத்துக்காக. நோர்குஸ் இறந்தபோது அப்படி ஒரு பாட்டே கிடையாது. ஒரு சிறுவனின் சாவைத் தியாகக் கதையாக மாற்றும் வேலை இங்கேதான் நடக்கிறது. இதைப் பிடித்து எழுதும் விடை தனியாகத் தெரியும். ஒப்பீடு வேண்டுமென்றால் அதே 1933-இல் வந்த இன்னொரு நாஜிப் பிரச்சாரப் படமான ‘ஹான்ஸ் வெஸ்ட்மார்’ ஒன்றே போதும். அதிலும் ஓர் இளைஞனின் மரணம்தான் முடிவு.

பார்க்கும்போது கண் கலங்கினால் வெட்கப்படாதீர்கள். எந்த ஷாட்டில் கலங்கியது, அதற்கு முன் என்ன சத்தம் கேட்டது என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். விடையில் முதல் சான்றாக அதையே வைக்கலாம்.