ஜிப்சியின் மூச்சு: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பெட்ரோல், எல்பிஜி கேஸ் இரண்டிலும் ஓடும் மாருதி ஜிப்சி ஜீப். பெட்ரோலில் இழுக்கிறது, கேஸில் இழுக்கவில்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டிய ஏற்றத்தில் இரண்டாவது கியரில் பாதிக்கு மேல் மிதித்தால் மூச்சு முட்டுகிறது. காலை லேசாக எடுத்தால் தெளிகிறது. காலை எடுத்ததும் தெளிகிற வண்டிக்குக் கேஸ் பற்றவில்லை என்று சொல்ல வழியில்லை. அதிகமாகப் போகிறது. நாலு பிளக்கும் கழற்றியாயிற்று, நாலிலும் உலர்ந்த கரி. ஒன்றில் மட்டும் இருந்தால் பிளக்கைச் சந்தேகிக்கலாம். நாலிலும் ஒரே மாதிரி என்றால் எல்லாருக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு.

1298 சிசி, கார்ப்புரேட்டர் வண்டி, 1998 மாடல். கார்ப்புரேட்டருக்கு மேல் வளையம் போல, காற்றில் கேஸைக் கலக்கும் மிக்சர், அதன்மேல் தொப்பி, அங்கிருந்து ஓஸ், ஏர் கிளீனர், வெளிக்காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாயான ஸ்நார்கெல்.

ஜூன் 4

ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் ஓடவிட்டால், இடப்பக்கம் ஒரு சீழ்க்கை. பேனட்டைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

ஜூன் 5, வியாழன்

"மலைக்கு வந்தா கேஸ் அப்படித்தான் சார்." இன்றைக்கு மட்டும் இரண்டு பேர். மலை ஏறினால் கலவை கெட்டியாவது, அதாவது காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் போவது, பெட்ரோல் கார்ப்புரேட்டரில். காற்று மெலிகிறது, பெட்ரோல் மெலிவதில்லை. கேஸ் மிக்சருக்கு வரும் வழியில் ரெட்யூசர் (அழுத்தம் குறைக்கும் கருவி) வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு இறக்கித்தான் கேஸை விடுகிறது. காற்று மெலியும்போது கேஸும் கூடவே மெலிகிறது, விகிதம் பெரிதாக மாறாது. இரண்டிலும் இழுவை குறையும், அது வேறு கதை. குன்னூரில் கேஸ் மட்டும் கெட்டியாகிறது என்றால் மலையைக் குற்றம் சொல்ல முடியாது.

கேஸ் காற்றின் இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மைதான். நூறு லிட்டர் கலவையில் சுமார் 4 லிட்டர் கேஸ். அதற்குத் தகுந்த இழுவைதான் போகும். மூச்சு முட்டாது.

ஜூன் 6

காற்று வழியில் எவ்வளவு தடை என்று அளக்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய். இதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு முனையை ஏர் கிளீனரின் சுத்தமான பக்கத்தில் செருகி, இன்னொரு முனையை வண்டிக்குள் கொண்டுவந்து, நீளப் பலகையில் யு வடிவில் கட்டி, இங்க் கலந்த தண்ணீர் பாதிவரை. ஒவ்வொரு கையும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் தண்ணீரை என்ஜின் குடித்துவிடும். பக்கத்தில் உட்காருகிறவர் படிக்க வேண்டும், ஓட்டுகிறவர் படிக்கக் கூடாது.

இரண்டாவது கியர், முழு மிதி, இரண்டு கையின் உயர வித்தியாசம்:
பழைய ஃபில்டர், ஸ்நார்கெலோடு: 38 செ.மீ.
பழைய ஃபில்டர், ஸ்நார்கெலைக் கழற்றி: 30.

குன்னூர்க் காற்றின் அழுத்தம் எட்டு மீட்டர் தண்ணீர் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் 38 செ.மீ. என்றால் நூற்றுக்கு நாலைந்து. பெட்ரோலில் தெரியவே தெரியாது, ஏனென்றால் கார்ப்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் அறை தொப்பிக்குள்ளேயே மூச்சு விடுகிறது, அதுவும் அதே 38-ஐ உணர்கிறது. ரெட்யூசர் மூச்சு விடுவதோ பேனட்டுக்கு அடியில், வெளிக்காற்றில். மிக்சர் தன் சுருங்கிய வாயால் இழுப்பதோடு இந்த 38-ஐயும் சேர்த்து இழுக்கிறது. ரெட்யூசருக்கு இரண்டும் ஒன்றுதான், இழுத்த அளவுக்குக் கேஸை விடும்.

ரெட்யூசர் மூடியின் மூச்சுத் துளையில் பாதி சேறு. ஓடையில் இறங்குகிற வண்டி, வேறெப்படி இருக்கும்.

ஜூன் 7, சனி

புது ஃபில்டர். ஸ்நார்கெலோடு 14 செ.மீ.

அடுத்த வளைவில் டமார். தொப்பி எகிறிப் பேனட்டில் இடித்தது. இங்க் தண்ணீர் பக்கத்து சீட்டில்.

மடத்தனம். கேஸ் ஓஸில் இருக்கும், கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் ஸ்க்ரூ ஏறக்குறைய மூடிக் கிடந்தது. அடைத்த ஃபில்டருக்கு ஈடுகட்ட யாரோ முடுக்கியிருக்கிறார்கள். அடைப்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூவைத் தொடாமல் விட்டால் கலவை மெலியும். மெலிந்தால் மெதுவாக எரியும், இன்டேக் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சமிருக்கும். பிளக் முனை இடைவெளி வேறு 0.95 மி.மீ., கேஸுக்கு அது அகலம். 0.7 ஆக்கியாயிற்று.

"அண்ணா, ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து விடட்டுமா?" வேண்டாம் தம்பி. காற்று வழி சரியாகும்வரை ஸ்க்ரூவை யாரும் தொடக் கூடாது.

ஜூன் 8

கடை இல்லை. சீழ்க்கை இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

டமாருக்குப் பின் பார்க்க வேண்டியவை: ஃபில்டர் காகிதம் ஒட்டிய இடத்தில் விட்டிருக்கிறதா, தொப்பியின் ரப்பர், ஓஸின் மடிப்புகள், என்ஜின் அடிப்பெட்டியின் (கிரான்க்கேஸ்) மூச்சுக் குழாய். மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது கிழிசல் வாயை மூடிக்கொள்ளும். மிக்சரின் தடிமனால் தொப்பி உயர்ந்துவிட்டதில் ஓஸ் கோணலாக உட்கார்ந்திருந்தது. கிளிப் முடுக்கியும் கீழ்ப்பக்கம் நகம் நுழைகிறது. உள்ளே விரல் வைத்தால் செம்மண்.

மிக்சருக்கு முன்னால் ஒழுகினால் தூசி. பின்னால் ஒழுகினால் மெலிந்த கலவை. இரண்டையும் ஒரே பெயரில் ‘ஏர் லீக்’ என்பதால்தான் பாதி நாள் வீணாகிறது.

ஸ்நார்கெல் சோதனையைப் பெட்ரோலில்தான் செய்ய வேண்டும்: ஐடிலிங்கில் வாயை உள்ளங்கையால் அடைத்தால் என்ஜின் உடனே சாக வேண்டும். கேஸில் செய்தால் ஏர் கிளீனர் முழுக்கக் கேஸ் நிரம்பும், ஒரு பொறி போதும். ஓஸை வெட்டி நேராக உட்கார வைத்த பிறகு இரண்டு நொடிக்குள் நின்றது.

ரெட்யூசர் மூச்சுத் துளையிலிருந்து ஏர் கிளீனரின் சுத்தமான பக்கத்துக்கு 6 மி.மீ. ஓஸ். துளைக்கு மரை போட மூடியைக் கழற்றி வெளியே வைத்துத்தான் வேலை. அலுமினியத் தூள் ஒரு துளி டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வின் பக்கம் போனாலும் போச்சு. இனி ஃபில்டர் அடைத்தால் ரெட்யூசரும் அதையே உணரும், சேறும் ஏறாது.

ஜூன் 12

ஐடிலிங் ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 700, 1100, 700 சுற்று. பெட்ரோலிலும்தான். ஆக இது மிக்சருக்குப் பின்னால்.

ஒவ்வொரு வேக்குவம் குழாயாக நீளமூக்குப் பிளேயரால் நசுக்கிப் பார்த்தல். பிரேக் பூஸ்டர்: மாற்றமில்லை. கிரான்க்கேஸ் வால்வு: மாற்றமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டியது. கார்ப்புரேட்டர் அடியில் சோப்புத் தண்ணீரைச் சொட்டினால் பின் மூலையில் உறிஞ்சிக்கொண்டு என்ஜின் தடுமாறுகிறது. கிடைத்தது.

கழற்றியதும் தெரிந்தது. கார்ப்புரேட்டருக்கு அடியில் வைக்கும் பேக்கலைட் தகடு, ஸ்பேசர், வளைந்திருக்கிறது. ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் அடியில் 0.15 மி.மீ. ஃபீலர் தகடு நுழைகிறது. கண்ணாடிமேல் 400 நம்பர் எமரி தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தியாயிற்று. பேக்கிங் இரண்டும் அப்பளம் மாதிரி. பல மாதம் கேஸிலேயே ஓடினால் கார்ப்புரேட்டர் காய்ந்து இப்படித்தான் ஆகும். வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது பெட்ரோல் காட்ட வேண்டும்.

ஜூன் 14

பேக்கிங் வரவில்லை. கோயம்புத்தூரில் "நாளைக்கு" என்றால் எந்த நாளைக்கு?

ஜூன் 17, செவ்வாய்

வந்தது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பேசர் மறுபடி வளையும்.

வேக்குவம் மீட்டரில் 13 அங்குலம் பாதரசம், முள் ஆடவில்லை. புத்தகத்தில் 18 என்று பார்த்துவிட்டு மறுபடி லீக் தேடக் கூடாது. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் 18 காட்டுகிற அதே என்ஜின் இங்கே 13 காட்டும். முள் ஆடுகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது ஸ்க்ரூ. நன்றாகச் சூடானபின் 3000-இல் பிடித்து, வேகம் விழத் தொடங்கும்வரை மூடி ஓர் அடையாளம், மறுபடி விழும்வரை திறந்து இன்னொன்று. நடுவில் வைத்து, திறக்கும் பக்கம் ஒரு மயிரிழை. பிறகு ரெட்யூசரின் ஐடில் ஸ்க்ரூ. ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும், இரண்டு சுற்றாவது வர வேண்டும். 850-இல் நின்றது.

பர்லியார் ஏற்றம், இரண்டாவது கியர், முழு மிதி. முட்டவில்லை.

ஜூன் 18

பேனட்டை மூடினால் சீழ்க்கை. மூடும்போது பேனட்டின் உள்பட்டை 6 மி.மீ. ஓஸை அழுத்துகிறதோ? ஆனால் ஓஸ் போடும் முன்பே 4-ஆம் தேதி கேட்டதே