ரங்கூன் எழுத்து, வியாசர்பாடி விசைப்பலகை

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 1962இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். என் மாமியார் கைக்குழந்தையாக அப்படி வந்து சேர்ந்தவர். நாங்கள் ரங்கூனிலேயே தங்கிவிட்ட கிளை. 2016இல் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சாப்பாட்டுக்கு ஏங்க வேண்டியிருக்கவில்லை. செகண்ட் லைன் பீச்சுக்குப் போனால் அத்தோவும் மொய்ங்காவும் கிடைத்தன. பேச்சும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. பிடிபடாமல் நின்றது எழுத்துதான், அதிலும் கணினியிலும் போனிலும் அடிக்க வேண்டிய எழுத்து.

முதல் வியப்பு எண்கள். ரங்கூனில் பஸ் எண், காலண்டர், பண நோட்டு எல்லாவற்றிலும் பர்மிய எண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தமிழ்நாட்டில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களே எங்கும் எழுதியிருக்கும் என்று எதிர்பார்த்து வந்தேன். ரங்கூன் கோவில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவற்றைத்தான் அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே என் மாமனாருக்கே ஐந்துக்கு மேல் தடுமாறுகிறது.

பெரம்பூர் பக்கம் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. அங்கே முதலில் கேட்டுக் கற்றுக்கொண்டது ரூபாய்க் குறி. பர்மியப் பணமான சியாட்டுக்கு இப்படித் தனிக்குறி கிடையாது, ஆங்கில எழுத்தொன்றைப் போட்டுவிடுவோம். இந்திய அரசு ₹ குறியை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. அதை வரைந்தவர் உதயகுமார் என்ற தமிழர். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்து, எந்தக் கணினியிலும் ஒன்றாகவே தெரியச் செய்யும் பொதுமுறையான யூனிகோடிலும் அதே ஆண்டிலேயே இடம் பெற்றுவிட்டது. கணினியில் ஆங்கிலம் (இந்தியா) விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டு, வலது பக்க ஆல்ட் விசையோடு 4ஐ அழுத்தினால் வந்துவிடும். போனில் குறிகள் உள்ள பக்கத்தில் பணக்குறி விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மற்ற நாட்டுக் குறிகளோடு மேலெழும்பி வரும். இவ்வளவு எளிதாக இருந்தும் பலர் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

கடையில் இருந்த பழைய கோப்புகள் வேறு ரகம். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், சங்கத் தீர்மானம் என்று பல ஆண்டுச் சேமிப்பு. கடைக் கணினியில் திறந்தால் அழகான தமிழ், வாடிக்கையாளரின் போனுக்கு அனுப்பினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோட் பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தன. அந்த எழுத்துரு இருக்கும் இயந்திரத்தில் மட்டுமே அது தமிழ். கடைக்காரர் அண்ணன் இதை விளக்கத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பர்மாவில் இதே நோய்க்கு ஸோஜி என்று பெயர்.

ஸோஜி ஒரு பர்மிய எழுத்துரு. 2014இல் புதிய செல்போன் நிறுவனங்கள் வந்து சிம் கார்டு 1,500 சியாட்டுக்கு இறங்கியது. அதற்கு முன் ஒரு சிம் வாங்கப் பெரும் செல்வராக இருக்க வேண்டும். அந்த ஒரே அலையில் ஊர் முழுக்கக் கையில் போன் வந்தது, போன்களில் ஸோஜி ஏற்கெனவே ஏறியிருந்தது. அது யூனிகோடின் பர்மியப் பகுதியையே பயன்படுத்தியது. ஆனால் தன் விருப்பத்துக்கு மாற்றிப் பயன்படுத்தியது. ஷான், மோன், கரேன் மொழிகளுக்கென ஒதுக்கிய இடங்களையும் பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. அந்த மக்கள் தங்கள் எழுத்தைப் போனில் எழுத முடியாமல் நின்றார்கள். 2019 அக்டோபர் 1ஆம் தேதி மியான்மர் அரசு யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தது. என் போன் யூனிகோட். அம்மாவின் போன் அப்போதும் ஸோஜி. அம்மா எழுதுவது எனக்குச் சிதறிய எழுத்தாகவும், பொருந்தாத உயிர்க்குறிகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிவட்டத்தில் தொங்கிக்கொண்டும் வந்தது.

சிக்கல் எங்கே என்று தமிழை வைத்தே சொல்லலாம். கெ என்று கையால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம், பிறகு க. தட்டச்சு இயந்திரத்திலும் அதே வரிசை. யூனிகோடில் க முதலில் பதிவாகும், கொம்பு பின்னால் பதிவாகும், திரையில் மட்டும் கொம்பு முன்னால் தெரியும். 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் க அடித்து எ அடிக்கிறோம், கெ வருகிறது. பர்மிய எழுத்திலும் இப்படி ஒரு கொம்பு உண்டு, தவேதோ என்போம். ஸோஜியில் அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் பதிவாகும், யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பிறகு. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் கொம்பு பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்வீட்டு ஆயாவின் தங்கை பர்மாவில் மோல்மேனில் இருக்கிறார். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோனது. குரல் செய்தி போகாத நேரத்திலும் எழுத்தில் இரண்டு வரி எப்படியாவது வந்து சேரும். ஆயா போனை எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். திரையில் நான்கு வரி, எல்லாம் புள்ளிவட்டம். அழுத்தி நகலெடுத்து, ராபிட் என்ற மாற்றியில் ஒட்டி, யூனிகோடாக மாற்றினேன். கண் அறுவை முடிந்துவிட்டது, வலது கண்ணில் பார்வை நன்றாகத் தெரிகிறது, ஊசிக் காது தெரிகிறது என்று எழுதியிருந்தது. பர்மிய எழுத்தில் எழுதிய தமிழ். அங்குள்ள பலர் அப்படித்தான் எழுதுவார்கள், பள்ளியில் படித்தது அந்த எழுத்து, வீட்டில் பேசுவது இந்த மொழி. நான் வாசிக்க வாசிக்க, ஊசிக் காது என்ற இடத்தில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இது ஸோஜியா யூனிகோடா என்று தானாகக் கண்டுபிடிக்கும் நிரல்கள் இருக்கின்றன. எந்த எழுத்துக்குப் பின் எது வரக்கூடும் என்ற சாத்தியத்தை வைத்து ஊகிக்கின்றன. இரண்டு சொல் செய்தியில் ஊகிக்கப் போதிய ஆதாரம் இருக்காது. பர்மிய எழுத்தில் தமிழ் வந்தால் அந்த ஊகம் எங்கள் போன்களில் மேலும் தடுமாறியது. ஆகவே எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இரு பக்கமும் ஒரே முறைக்கு மாறுவதுதான் வழி. தெருவில் யாருக்கு அங்கே உறவு இருந்தாலும் நான் இதை வற்புறுத்துகிறேன். போன் அமைப்பில் மொழிப் பட்டியலுக்குப் போய்ப் பர்மிய விசைப்பலகையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஸோஜி எழுத்துருவை நீக்கச் சொல்லுங்கள். அங்குள்ள பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள். பழைய செய்திகளை மட்டும் முதலில் மாற்றிச் சேமித்துக்கொள்ள வேண்டும், எழுத்துரு போன பிறகு அவற்றை வாசிப்பது பெரும்பாடு.

தோற்றத்தை நம்பி எழுத்தை அடிக்கும் பழக்கத்தோடு எனக்குத் தீராத சண்டை. பர்மியச் சுழியமும் வ எழுத்தும் கண்ணுக்கு ஒன்றேதான், ஏழும் ர எழுத்தும் அப்படியே. எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தால் மனிதர் வாசித்துவிடுவார், இயந்திரம் தேடும்போது கிடைக்காது. தமிழிலும் ௧, க இரண்டையும் பாருங்கள், ௭, எ இரண்டையும் பாருங்கள். எங்கள் கடைக்கு ஒரு மாணவர் பட்டியல் வந்தது, அகரவரிசையில் அடுக்க வேண்டும். ஔவை என்ற பெண்ணின் பெயர் ஓவியாவுக்குப் பின்னால் வர வேண்டியது, முன்னால் போய் நின்றது. தட்டியவர் ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்து அடித்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயரைச் சரியாகத் தேடினால் பட்டியலில் அப்படியொருவர் இல்லை என்றே கணினி சொல்லும். ஒரு பிள்ளையின் பெயர் இது, காகிதத்தில் சரியாகத் தெரிகிறதே என்று விட்டுவிட எனக்கு மனம் வராது. தமிழ்99இல் ஔவுக்குத் தனி விசையே இருக்கிறது.

இப்போது மாலை நேரங்களில் அப்பாவின் ரங்கூன் கடைக் கணக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறார். தேதிக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று தாத்தா காலத்து வழக்கம் அப்படியே இருக்கிறது. 2003இல் வந்த யூனிகோட் 4.0இல் இவை சேர்ந்தன. கணினியின் தமிழ்99 பலகையில் ஷிப்ட் விசையோடு அடிக்கலாம். போனில் எல்லாப் பலகையிலும் இல்லாததால், தனிப்பட்ட அகராதியில் ‘மேற்’ என்று குறுக்குவழி வைத்து அதற்கு ௸ என்று பதிந்திருக்கிறேன். இதை மாமனார் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வாடகை ரசீதில் மேற்படி விலாசம் என்று எழுதும் இடத்தில் அந்தக் குறி தனக்கும் வேண்டும் என்று கேட்டார். அவர் போனிலும் வைத்துக் கொடுத்தேன். போன மாத ரசீதில் குடித்தனக்காரருக்கு அதைக் காட்டி, இது இன்னதென்று அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.