தாத்தாவின் வெள்ளலூருக்கு ஒரு யாத்திரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களும் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அங்கே கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அப்பாவின் அஸ்தியோடு கிளம்பினேன். தாத்தா கோயம்புத்தூர்ப் பக்கத்து வெள்ளலூரிலிருந்து கப்பலேறி வந்து பால்மரம் சீவியவர், ஊர் திரும்பவே இல்லை. "என்னையாவது நொய்யல் ஆத்துல சேர்த்துடு" என்பது அப்பாவின் கடைசி ஆசை.

திருச்சியில் இறங்கி, பேருந்தில் கோயம்புத்தூர். விடியும்போது பேரூர் பட்டீசுவரர் சன்னதியில் நின்றேன். லிங்கத்தின் மேல் கன்றின் குளம்புத் தடம் இருப்பதாகச் சொல்லிக் காட்டினார் குருக்கள். ஆனியில் இங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்குமாம். சுந்தரர் தேடி வந்தபோது ஈசனும் பச்சைநாயகியும் உழவர் கோலத்தில் வயலில் இறங்கி நாற்று நட்ட கதை. சேற்றில் குனிந்து நின்ற சாமி! தோட்டத்தில் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, விடியுமுன் ஓடிய தாத்தா பாட்டியை நினைத்தேன். அழுதுவிட்டேன்.

இறவாப் பனை, பிறவாப் புளி, புழுக்காத சாணம், கல்லாகும் எலும்பு, வலக்காது மேல்நோக்க இறக்கும் உயிர் என்று பேரூருக்கு ஐந்து அதிசயம் சொல்கிறார்கள். எலும்பு கல்லாகும் அந்த நொய்யல் படித்துறையில் தண்ணீர் கறுத்து, பாலிதீன் பைகள் ஒதுங்கிக் கிடந்தன. வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் ஆறு அது. அப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பிறகு கரைத்தேன்.

வெள்ளலூர் போகணும் என்றதும் ஆட்டோக்காரர், "குப்பைக் கிடங்குக்கா?" என்று கேட்டார். தாத்தா வாய் இனிக்கச் சொன்ன பெயர் அது. சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப் பெருவழியில் இருந்த ஊர். 1842-இல் இங்கே மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள்.

இன்று கோயம்புத்தூர் மாநகராட்சியின் 100 வார்டுகளின் குப்பை இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 டன். கிடங்கு சுமார் 650 ஏக்கர். 2024 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. மக்கும் குப்பையும் மக்காததும் ஒன்றாகக் கொட்டினால் உள்ளே காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும், வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். தேனீசுவரர் கோயிலில் கண்மூடி நின்றபோதும் அந்த வாடை காற்றோடு உள்ளே வந்தது. புழுக்காத சாணத்தின் பெருமை பேசும் அதே ஆற்றங்கரையில், ஈ மொய்க்கும் மலை. நகரம் தன் அழுக்கை இன்னொருவர் வாசலில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. என் அர்ச்சனைத் தட்டும் பிளாஸ்டிக் பையில்தான் வந்திருந்தது. பூவைக் கோயிலில் கொடுத்துவிட்டு, பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அத்தை வந்தார். தாத்தாவின் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். பேரூர்த் திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, "ஊரு எப்படிய்யா இருக்கு?" என்றார். கோயிலைச் சொன்னேன், காசுகளைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை, குப்பைமேட்டையும் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்குப் பக்கத்துல நம்ம சனங்க யாரும் குடியிருக்காங்களா?"

"இருக்காங்க அத்தை. சன்னலைச் சாத்திக்கிட்டு இருக்காங்க."