எங்கள் மொட்டைமாடி விளக்கு

கொட்டிவாக்கத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. மணலிலிருந்து எண்ணினால் எங்கள் குடியிருப்பு மூன்றாவது கட்டடம். 2023 ஏப்ரலில் ஒரு காலை, பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கியபோது கேட்டுக்கு வெளியே ஏதோ கறுப்பாகச் சிதறிக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை, துடுப்பு மாதிரி நான்கு கால்கள், நடுவில் வண்டிச் சக்கரம் ஏறிய தடம். அப்படிப் பதினொன்று.

"ஆமைக் குட்டிம்மா" என்றார் எங்கள் வாட்ச்மேன். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துக்காரர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். அப்புறம் தலையைத் தூக்கி மொட்டைமாடியைக் காட்டினார். விடிந்த பிறகும் ஃபோகஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது. "இத பாத்து வந்துச்சு" என்றார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. இருபது வருடமாகக் கடற்கரையில் குடியிருக்கிறேன், ஆமை முட்டையிட வருகிற கடற்கரை இது என்று பேப்பரில் படித்ததோடு சரி.

வருவது பங்குனி ஆமை. பெயர் பங்குனி என்றாலும் தை மாதத்திலேயே வரத் தொடங்கிவிடும். தாய் ஆமை இரவில் கரையேறி, பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரி குழி பறித்து, நூறு, நூற்றிருபது முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஒன்றரை மாதத்துக்கு மேல் மணலின் சூட்டிலேயே பொரிந்து, குட்டிகள் ராத்திரியில் ஒன்றாக மேலே வருகின்றன. அவற்றுக்கு வழிகாட்டத் தாய் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடுகின்றன. கரை இருட்டாக இருந்த காலத்தில் அது சரியான கணக்கு. நட்சத்திர வெளிச்சம் பட்டுக் கடல்தான் பளபளக்கும், கரை கறுத்திருக்கும். இப்போது கடல் கறுப்பு, கரையில் சோடியம் விளக்கும் எல்இடியும். குட்டிகள் ஊருக்குள் நடக்கின்றன. விடிவதற்குள் நாயோ காக்கையோ சக்கரமோ முடித்துவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மாடி விளக்கை இரவில் அணைக்கலாமா என்று கேட்டேன். திருட்டுப் பயம் என்றார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். போன வருடம் பக்கத்துக் கட்டடத்தில் சைக்கிள் காணாமல் போனதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. நான் பேசத் தெரியாமல் பேசினேன், விஷயம் அப்படியே நின்றது.

டிசம்பரில் மறுபடி பேச்சை எடுத்தேன். இந்த முறை வாட்ச்மேன் தம்பியையும் கூட்டத்தில் உட்காரச் சொன்னேன். முதலில் தயங்கினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அவர் ஊர் ருஷிகுல்யா ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கம். அங்கே ஆமைகள் ஒன்றிரண்டாக வருவதில்லை, சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் கரையேறுகின்றன. கால் வைக்க இடம் இருக்காது. ஊர்ப் பையன்கள் ராத்திரி முழுக்கக் காவல் நிற்பார்கள், நாய் விரட்டுவார்கள், வழிதவறிய குட்டிகளைக் கூடையில் அள்ளிக் கடலோரம் கொண்டுபோய் விடுவார்கள். "பொரிக்கிற நேரம் எங்க ஊர்ல லைட்டு போட மாட்டோம். எங்க அம்மா சிம்னி விளக்கக்கூட துணி போட்டு மறைப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "திருடன் வந்தா நான் பாத்துக்குறேன் சார். அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றார்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஜனவரி முதல் மே வரை, இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை மாடி விளக்கு கிடையாது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கேட் விளக்குக்குத் தகர மூடி அடித்து, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தோம். மாடிப்படியில் ஆள் நடந்தால் மட்டும் எரிகிற விளக்கு. எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

2024 ஜனவரியில் ஆமை நடைக்கும் போனேன். சென்னையில் 1970களிலேயே சிலர் முட்டைகளைத் தேடி இரவில் நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரும், இந்தியக் கடற்கரைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே அளந்த சதீஷ் பாஸ்கரும் அவர்களில் உண்டு. 1988ல் மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பாக எடுத்துக்கொண்டார்கள், இன்றுவரை ஒரு வருடமும் விடவில்லை. நீலாங்கரையில் ராத்திரி கிளம்பி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்று பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர். டார்ச் கூடாது. சத்தமும் கூடாது.

மூன்றாவது வாரம்தான் தடம் பார்த்தேன். டிராக்டர் சக்கரம் கடலிலிருந்து ஏறிப் போன மாதிரி இருந்தது. ஆனால் இறங்கின தடம் இல்லை. முன்னால் போன பெண் கையை நீட்டி எங்களை நிறுத்தினாள். பத்தடி தள்ளி, முட்டையிட்டு முடித்த ஆமை குழியை மூடிக்கொண்டிருந்தது. உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கி மணல்மேல் அடித்தது. தப், தப், தப். பூமியே அதிர்கிற மாதிரி உள்ளங்காலில் தெரிந்தது. நாற்பது கிலோவாவது இருக்கும். அது அலைக்குள் போகும்வரை யாரும் மூச்சுவிடவில்லை.

அப்புறம்தான் வேலை. கையால் மணலைத் தோண்டி, முட்டைகளை உருட்டாமல் எடுத்து, எண்ணித் துணிப்பையில் வைத்து, பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைத்தார்கள். நூற்று ஏழு. ஈரமாக, மெத்தென்று, பிங்பாங் பந்து மாதிரி. மணல் சூடு ஏறினால் பெண் குட்டிகள் அதிகமாகும், ரொம்ப ஏறினால் முட்டையே கெட்டுவிடும் என்பதால் மார்ச்சுக்குப் பிறகு மேலே நிழல் போடுகிறார்கள்.

அவர்களோடு நடப்பதில் எனக்கு அத்தனை பெருமை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஆமை தானே தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து முட்டையை நாம் ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? நாய்கள் ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம் எங்களைப் போன்ற கட்டடங்களின் விளக்கு. கடற்கரை இருட்டாக இருந்தால் பாதி முட்டைகளையாவது இருந்த இடத்திலேயே விடலாம். பொரிந்த குட்டிகளைக் கடலில் விடுகிற அன்று வந்து படம் எடுக்கிறவர்கள் நூறு பேர். வீட்டுக்குப் போய் பால்கனி லைட்டை அணைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அந்த நூறு பேரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜனவரியில் கரையில் உயிருள்ள ஆமையைவிடச் செத்த ஆமையைத்தான் அதிகம் பார்த்தோம். சென்னைக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகுகள் மணிக்கணக்காக இழுத்துப் போகிற மடி என்ற பை போன்ற வலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்பது சட்டம். ஆமைகள் முட்டையிடக் கூடுவதும் அந்தக் கரையோரத் தண்ணீரில்தான்.

குப்பத்துப் பெரியவர் ஒருவர், ஃபைபர் படகில் போகிறவர், செத்த ஆமை ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். "என் வலையிலயும் மாட்டும்மா. அறுத்து விட்ருவேன். வலைய தச்சுக்கலாம், இத தைக்க முடியுமா?" என்றார். அறுத்த வலையைத் தைக்க அவருக்கு இரண்டு நாள் கூலி போகும். அதற்கு யாரும் எதுவும் தருவதில்லை. மீனவர்களால்தான் ஆமை சாகிறது என்று மொத்தமாகச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

போன வாரம் எங்கள் தெருமுனையில், நடையில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு குழி பொரிந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் தம்பி கதவைத் தட்டினார். ஓடினோம். மணலில் குட்டிகளின் தடங்கள் கோலம் இழுத்த மாதிரி கிடந்தன. எல்லாம் கடலைப் பார்த்து. இல்லை, எல்லாம் இல்லை. ஏழெட்டுத் தடம் வடக்கே வளைந்திருந்தது. அங்கே ஒரு கட்டடத்தின் மாடி மட்டும் வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஐந்தைக் கண்டுபிடித்து, அலையருகே மணலில் விட்டோம். அவை தாமாகவே நடந்து போயின. மற்றவை கிடைக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் சங்கக் கூட்டம் வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். தம்பியும் வருகிறார், ட்யூட்டியை மாற்றிக்கொண்டு. எங்கள் மினிட்ஸ் புத்தகத்தையும் எடுத்துப் போகிறோம்.